எட்டாவது தட்டு

"புராக்ரஸிவ் ராக்னா என்ன? கேட்டுக்கிட்டிருக்கிறவங்களுக்குச் சுருக்கமா ஒரு வரியில சொல்லுங்களேன்" என்று வானொலி அறிவிப்பாளர் கேட்டார்.

ஒலிவாங்கியைச் சுற்றி அமர்ந்திருந்த மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். சுருக்கம் என்னும் சொல்லுக்கும் அவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். ஓர் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஓடும் ஒரே பாட்டினால், இளமையில் கொஞ்சம் பெயரும் நிறைய ஏச்சும் வாங்கியவர்கள் அவர்கள்.

டிரம்ஸ்காரர்தாம் முதலில் வாய் திறந்தார். அவரைக் 'கடிகாரம்' என்றே எல்லோரும் அழைப்பார்கள். மேடையில் நொடி பிசகாமல் அடிப்பவர். மேடைக்கு மட்டும் ஒரு நாளும் நேரத்தோடு வந்து சேர்ந்ததில்லை. அன்றைக்கும் நிகழ்ச்சி தொடங்கிய பின்னரே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்திருந்தார்.

"பாட்டு ஆரம்பிச்சதும் நீங்க எழுந்து போய் டீ போட்டுக் குடிச்சு, டம்ளரையும் கழுவிக் கவுத்துட்டு வந்து உக்காரலாம். பாட்டு அப்பவும் ஓடிக்கிட்டிருக்கும். அதுதாங்க புராக்ரஸிவ் ராக்" என்றார்.

"இவன் பேச்சை விடுங்க" என்று கிதார்காரர் குறுக்கிட்டார். பாட்டை இயற்றியவர் அவரே. ஆகவே, பேட்டி என்று வந்துவிட்டால் பேச்சும் அவருடையதே. "சாதாரணப் பாட்டு இருக்கே, அது வீட்டைச் சுத்தி வர்ற மாதிரி. பல்லவி, சரணம், திரும்பவும் பல்லவி. கிளம்பின வாசல்லயே வந்து நிக்கும். எங்க பாட்டு ஊரை விட்டே கிளம்பிடும். வழியில தாளம் மாறும், வேகம் மாறும், புல்லாங்குழல் வரும், பல பேர் சேர்ந்து பாடுற கோயர் வரும். ஒரு கதை முழுசா நடந்து முடியும். திரும்பி வந்தாலும் வரும், வராமலும் போகும். கேக்கிறவன் பொறுமையா கூட வரணும், அவ்வளவுதான்."

அறிவிப்பாளர் தலையசைத்தார். அவர் அந்த இசையில் ஊறியவர் என்பது அவருடைய அடுத்த கேள்வியிலேயே தெரிந்தது. "ராக்னா நாலு நாலா எண்ணுவாங்க. உங்க 'மூழ்கிய ஊர்' பாட்டுல அந்தக் கோயர் வர்ற இடம் மட்டும் ஏழா எண்ணுது. எட்டு வரப்போகுதுன்னு நாம காத்திருக்கும்போது, அதுக்கு முன்னாடியே அடுத்த சுற்று விழுந்துடுது. கால் இடறுற மாதிரி இருக்கு. இந்த வகை இசைக்கே அதுதான் அடையாளம்னு நான் சொல்வேன். அந்த ஏழு எங்கேருந்து வந்தது?"

கிதார்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய விடை அது. "அணை கட்டினதும் தண்ணிக்கு அடியில போயிடுச்சு ஒரு ஊர். அந்த ஊரோட மூச்சு அது. மூழ்குறவனுக்குக் கடைசி மூச்சு முழுசா கிடைக்காது இல்லையா? அதனாலதான் எட்டாவது தட்டை எடுத்துட்டேன்."

கடிகாரம், முதல் தடவையாகக் கேட்பவரைப் போல வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாமவர் பெட்டிக்காரர். கட்டைகள் வைத்த வாத்தியங்கள் எதுவானாலும் வாசிப்பவர் அவர். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவர் தம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த விடை முழுப் பொய் என்பது அந்த அறையில் அவருக்கும் கிதார்காரருக்கும் மட்டுமே தெரியும்.

"அந்தக் கோயர்ல பாடினது எத்தனை பேர்?" என்று அறிவிப்பாளர் கேட்டார்.

"ஒருத்திதான்" என்றார் கிதார்காரர். பிறகு பெட்டிக்காரர் பக்கம் கையைக் காட்டினார். "என் தங்கச்சி. இவரோட சம்சாரம். போன வருஷம் தவறிட்டா. நாங்க திரும்ப மேடையேறப்போற இந்தக் கச்சேரியே அவளுக்காகத்தான்."

*

அந்தக் காலத்தில் அவர்களிடம் நாடாப்பெட்டி ஒன்று இருந்தது. வெளியே பார்த்தால் ஆர்மோனியத்தின் பெரியண்ணன், உள்ளேதான் வேடிக்கை. ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஆள் உயர ஒலிநாடா ஒன்று மடிந்து கிடக்கும். ஒவ்வொரு நாடாவிலும் ஒரே ஒரு சுரம். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும். பதிந்திருக்கும் குரல் கேட்கும். விரலை எடுத்தால் சுருள்வில் அதனைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் எட்டு நொடிதான். அதன்பின் நாடா தீர்ந்து போகும்; குரலும் நின்று போகும். கோயரை அமர்த்த வக்கற்ற இளைஞர்களுக்கு அது கற்பக விருட்சம்.

மூடிப்போன ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றிலிருந்து அதனை அவர்கள் எடுத்து வந்தபோது, உள்ளிருந்த நாடாக்கள் பூஞ்சை பிடித்துப் பாழாகியிருந்தன. வெற்று நாடாவை வெட்டிப் புதிதாகக் குரல் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. யார் பாடுவது?

"என் தங்கச்சி சுமாரா பாடுவா. சுருதி மட்டும் விலகாது" என்றார் கிதார்காரர்.

அவள் பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பில் அமர்ந்திருந்தாள். அங்கேயே வேலை பார்த்தும் தன்னுடைய கோணல் பல்லைச் சரிசெய்துகொள்ளாதவள். சிரிப்பு வந்தால் கை தானாக வாய்க்குப் போய்விடும். அவளைக் குளியலறையில் நிறுத்தினார்கள். தண்ணீருக்குள் இருக்கும் ஊர் பாடவேண்டுமென்றால் குளியலறையைவிடப் பொருத்தமான இடம் ஏது என்று கிதார்காரர் வாதம் செய்தார். அவர் அடுத்த அறையில் பதிவுக்கருவியோடு இருந்தார். ஒலிவாங்கியைத் தரை துடைக்கும் கோலின் நுனியில் கட்டி, அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தபடி ஈரத்தரையில் முழந்தாளிட்டிருந்தவர் பெட்டிக்காரர். கடிகாரமும் வரவேண்டியவர்தாம். அன்றும் தாமதம்.

அவளுடைய இரண்டு கைகளும், சுருதி கேட்பதற்காக மாட்டிய காதுக்கருவியை அழுத்திப் பிடித்திருந்தன. ஒவ்வொரு சுரமாக, கண்களை மூடிக்கொண்டு பாடினாள். பாதிக்குமேல் முடிந்திருக்கும். பெட்டிக்காரரின் தலைக்கு நேர்மேலே இருந்த குழாய் சொட்டத் தொடங்கியது. அசைந்தால் சத்தம் பதிவாகிவிடும் என்று அவர் அசையவில்லை. சொட்டுகள் உச்சந்தலையில் விழுந்து, நெற்றியில் வழிந்து, மூக்கின் நுனியில் ஒரு துளியாகத் திரண்டு, விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் ஆடிக்கொண்டிருந்தன. ஒரு சுரத்தின் முடிவில் அவள் கண்ணைத் திறந்தாள். துளியைப் பார்த்தாள். ஏழு நொடி குரலாக இருந்தது, எட்டாம் நொடியில் சிரிப்பாகிவிட்டது. கைகள் இரண்டும் காதில் இருந்தமையால் வாயைப் பொத்தவில்லை. கோணல் பல் தெரிய, முழுச் சிரிப்பு.

"திரும்பப் பதிவு பண்ணிடலாமா?" என்று அடுத்த அறையிலிருந்து கிதார்காரர் கேட்டார்.

"நாடா அவ்வளவுதான். வேற இல்லை" என்றார் பெட்டிக்காரர்.

அது பொய். வெட்டி வைத்த வெற்று நாடா ஒன்று அவருக்குப் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. வாயிலில் வந்து நின்ற அண்ணன் அதனைப் பார்த்தார், முழந்தாளிட்டிருந்தவரைப் பார்த்தார், தங்கையையும் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார்.

அந்தச் சுரமோ பாட்டின் உயிர்நிலை; நொடிக்கு ஒன்றாக எட்டுத் தாளத்தட்டுக்கு அது ஒலிக்கவேண்டும். அதனை விட்டு வாசிக்க வழியில்லை. முழுதாக வாசித்தால் மூழ்கிய ஊர் சிரித்துவிடும். ஆகவே ஏழாம் தட்டிலேயே பெட்டிக்காரர் விரலை எடுத்துவிடுவார். அவர் விரலை எடுக்கும் இடத்திலேயே கிதாரும் டிரம்ஸும் அடுத்த சுற்றைத் தொடங்கவேண்டியதாயிற்று. எட்டாக எழுதப்பட்டது அவ்வாறுதான் ஏழாக ஆயிற்று. தாமதமாக வந்த கடிகாரத்திடம் "இது ஏழு" என்று மட்டுமே சொன்னார்கள். "பிரமாதம், யாருக்கும் தோணாது" என்று அவர் வியந்துபோனார்.

அடுத்த ஆண்டு திருமணம் நடந்தது. சிரிப்பைப் பற்றி வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவள் கட்டளையிட்டுவிட்டாள். "அண்ணனுக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். போதும். என் பல்லை ஊரே கேக்கணுமா?" என்றாள். மகள் பிறந்து, வளர்ந்து, நாடாப்பெட்டியின் முன்னால் முக்காலி போட்டு அமர்ந்த பருவத்தில், அந்தக் கட்டை வரும்போதெல்லாம் தந்தை அவள் விரலை மெல்லத் தூக்கிவிடுவார். "இதைச் சீக்கிரம் விட்டுடணும் கண்ணு. கடைசியில பழுது." அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்ப்பாள், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

*

வானொலி நிலையத்தின் வாகன நிறுத்தத்தில், கடிகாரம் புறப்பட்டுப் போன பிறகு, பெட்டிக்காரர் மைத்துனரின் தோளைத் தொட்டார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். கச்சேரியில கடைசிச் சுற்று வரும்போது அந்தக் கட்டையை நான் விடப்போறதில்லை."

கிதார்காரருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

"கடைசி வரைக்கும் பிடிக்கப்போறீங்களா மாப்பிள்ளை?"

"கடைசி வரைக்கும். அந்த இடம் இதுவரைக்கும் ஒரு தடவை கூட ஓடினதில்லை. பதிவு பண்ணினப்போ கேட்டதுதான். அவ போனப்புறம் பெட்டியைத் திறக்கவே பயமா இருக்கு. நாடா பழசு, எத்தனை தடவை தாங்கும்னு தெரியாது. அதனால ஒத்திகைக்குக் கூடத் தொடமாட்டேன். அன்னிக்கு ஒரு தடவை. எல்லாரும் கேக்கட்டும்."

"போன்ல அவ சிரிக்கிற வீடியோவெல்லாம் இருக்குமே."

"இருக்கு. எல்லாத்துலயும் கை வாய்மேலதான் இருக்கு."

கிதார்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "அப்போ என்னோட மூழ்குறவன் மூச்சுக் கதை?" என்றார்.

"நாற்பது வருஷம் ஓட்டிட்டீங்க. போதாதா?"

இருவரும் சிரித்தனர். சிரிப்பு நின்றபின் எந்தப் பக்கம் பார்ப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்லை. அவ அன்னிக்கு சவுண்டு மிக்ஸர்ல இருப்பா. அங்கேயே கேக்கட்டும். அவ பொறக்கிறதுக்கு முன்னாடி அவ அம்மா எப்படிச் சிரிச்சான்னு அவளுக்குத் தெரியாதே."

*

மகள் நாடக அரங்கொன்றில் ஒலிப்பொறியாளர். கச்சேரிக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தாள். மறுநாள் மாலை பெட்டிக்காரர் கடையிலிருந்து திரும்பியபோது, கூடத்து மேசையின்மேல் கைக்கு அடக்கமான புதிய கீபோர்டு ஒன்று இருந்தது. நாடாப்பெட்டியின் பின்பலகை கழற்றப்பட்டுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டதுமே அவர் பையைக் கீழே போட்டுவிட்டுப் பெட்டியருகே விரைந்தார்.

"கத்தாதீங்கப்பா, முதல்ல உக்காருங்க" என்றாள் மகள். முகமெல்லாம் பூரிப்பு. "ரெண்டு நாளா நீங்க கடைக்குப் போனதும் இதே வேலைதான். அம்மா குரல் அத்தனையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன். ஒவ்வொரு கட்டையா அழுத்திப் பதிவு பண்ணினேன். இனிமே நாடா அறுந்துடும்னு பயமே வேண்டாம். அந்தப் பூதத்தை மேடைக்குத் தூக்கவும் வேண்டாம். வாசிச்சுப் பாருங்க."

அவர் அமர்ந்தார். விரல் தானாகவே அந்தக் கட்டைக்குப் போயிற்று. அழுத்தினார்.

அவள் குரல் வந்தது. இரைச்சல் இல்லை, கரகரப்பு இல்லை. குளியலறைச் சுவரின் ஈரம்கூட அதில் இருந்தது. ஆறு, ஏழு என்று அவர் உள்ளுக்குள் எண்ணினார். எட்டு வந்தது. குரல் நிற்கவில்லை, அதே சீராக ஓடிக்கொண்டேயிருந்தது. ஒன்பது, பத்து. மூச்சே வாங்காத குரலாக அது நீண்டுகொண்டே போயிற்று.

"முடிவே வராது, நடுவுல ஒரு பகுதி திரும்பத் திரும்ப ஓடும். எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிக்கலாம்" என்றாள் மகள் பெருமையோடு.

அவர் விரலை எடுத்தார். "இதோட கடைசி எங்கே?"

"எதோட?"

"இந்தக் கட்டையோட. கடைசியில ஒண்ணு வருமே."

"அந்தப் பழுதா? அது எதுக்குப்பா? அழுத்தும்போதே கை பழக்கத்துல விட்டுடுச்சு. சின்னப் பிள்ளையில நீங்க சொல்லிக்குடுத்ததுதானே. மத்த எல்லாத்தையும் கடைசி வரைக்கும் பிடிச்சேன், இதை மட்டும் சீக்கிரம் விட்டுட்டேன்." பிறகு அவள் முகம் சற்று வாடியது. "ஒரு தப்பு நடந்துபோச்சு. விட்டதும் வில்லு வெடுக்குனு இழுத்துச்சு. அந்த நாடா மட்டும் அறுந்து உருளையில சுத்திக்கிச்சு. எடுக்கிறதுக்குள்ள நொறுங்கிடுச்சு. நல்ல வேளை, நமக்கு வேண்டியது பதிவாயிடுச்சு."

பிஸ்கட் டப்பா ஒன்றை அவள் நீட்டினாள். உள்ளே பழுப்புச் சருகுகளைப் போலத் துண்டுகள் கிடந்தன.

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவளைப் போல.

"நல்லா இருக்கு" என்றார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கே."

"அழறீங்களா?"

"அம்மா குரல் இல்லையா."

அவள் வந்து அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

*

அவர் அந்த டப்பாவைக் கடைக்கு எடுத்துச் சென்றார். வாடிக்கையாளர் இல்லாத பொழுதுகளில், கண்ணாடிச் சட்டத்தின் நுண்ணிய திருகுகளைப் பிடிக்கும் இடுக்கியால் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, உருப்பெருக்கியின் கீழே வைத்து, அறுந்த முனையோடு முனை சேர்த்து ஒட்டினார். ஒலிநாடாவில் ஒலி இருப்பது அதன்மேல் பூசிய பழுப்புப் பூச்சில்தான். சுருங்கிக் கிடந்த துண்டை அவர் விரித்தபோதெல்லாம் அந்தப் பூச்சுத் தூளாகி உதிர்ந்தது. ஒட்டி முடித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். கண்ணாடிபோல் தெளிந்த வெறும் நாடா; அதனூடே எதிர்ச்சுவரில் இருந்த கண்பரிசோதனை எழுத்துகள் தெரிந்தன.

அவருடைய கட்டைவிரலில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தது. அதனைத் தட்டிவிட அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடிக்கு அளவு கொடுக்க வந்த பெண்மணி ஒருத்தி, "கையில ஏதோ ஒட்டியிருக்குங்க" என்று சொன்ன பிறகே, வேறு வழியின்றிக் கைக்குட்டையில் துடைத்தார். அந்தக் கைக்குட்டையை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தார்.

மைத்துனரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போனார். கிதார்காரர் கிதாரின் பழைய தந்திகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டு முடித்ததும், கழற்றிய தந்தியொன்றைக் கையில் சுற்றியபடியே உட்கார்ந்திருந்தார். விரலில் தந்தி பதிந்து வெளுத்தது.

"எனக்கும் ஆசையா இருந்துச்சு மாப்பிள்ளை. வெளியில காட்டிக்கலை. இந்த ஒரு வாரமா அந்த இடத்தை நினைச்சுக்கிட்டேதான் வாசிச்சிட்டிருந்தேன்."

"தெரியும்."

"உங்களுக்கு அவ பொண்டாட்டி. எனக்கு அதுக்கு முன்னாடியே தங்கச்சி. அந்தச் சிரிப்பு எங்க வீட்டுச் சிரிப்பு." அவர் தந்தியைக் கையிலிருந்து கழற்றி வைத்தார். "அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"எவகிட்ட?"

"உங்க பொண்ணுகிட்டதான். அவ என்ன பண்ணிட்டான்னு அவளுக்குத் தெரிய வேண்டாமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"அவ அம்மாவைக் காப்பாத்தி வைக்கணும்னு பண்ணின வேலை அது. நான் சொல்லிட்டா, அப்புறம் ஆயுசு முழுக்க அவ எந்தக் கட்டையைத் தொட்டாலும் அதுதான் ஞாபகம் வரும். விரலைத் தூக்கக் கத்துக்குடுத்தது நான். அவ என் பேச்சைக் கேட்ட பிள்ளை, அவ்வளவுதான்."

கிதார்காரர் எழுந்து சன்னலருகே போனார். கோபம் வந்தால் அவர் அப்படித்தான் சன்னலைத் தேடிப் போவார். கீழே தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஓயும் வரை அங்கேயே நின்றார்.

"அப்போ கச்சேரியில பழையபடி ஏழுதானா?"

"கடைசிச் சுற்று மட்டும் எட்டா எண்ணலாமா மச்சான்? நான் ஏழுல விரலை எடுத்துடறேன். எட்டாவதுல யாரும் எதுவும் வாசிக்க வேண்டாம். அவ இடம் அது. சும்மா இருக்கட்டும்."

கிதார்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. சன்னலைப் பார்த்தபடியே தலையை மட்டும் ஆட்டினார்.

கடிகாரத்தைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாயிற்று. ஒத்திகை அறையில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டார்.

"எட்டா? எவன் சொன்னது? முன்வரிசையில உக்காந்திருக்கிறவன் எல்லாம் அந்த இடத்தை ஏழு ஏழா எண்ணிக்கிட்டே வளர்ந்தவன். நான் கணக்கை விட்டுட்டேன்னு நினைப்பான். கிழவனுக்கு ஆட்டம் கண்டுடுச்சுன்னு எழுதுவான். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம்யா இது."

"நேரத்துக்கு வராத மானம்" என்றார் கிதார்காரர்.

"அது வேற கணக்கு."

"காரணம் கேக்காதடா. எனக்காகச் செய்" என்றார் பெட்டிக்காரர்.

கடிகாரம் அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டு, "ஒரே ஒரு தடவைதான்" என்றார்.

*

சிறிய அரங்கம், ஆனாலும் நிறைந்திருந்தது. நரைத்த தலைகள் மிகுதி. அந்த இசைத்தட்டின் பெரிய உறையை மடியில் வைத்துக்கொண்டு சிலர் அமர்ந்திருந்தனர். மாலை வெளிச்சம் மேல் சன்னல்களில் மங்கும் நேரத்தில் பாட்டுத் தொடங்கியது. எல்லோருக்கும் பின்னால், மிக்ஸருக்கு முன்னே, மகள் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு நின்றாள். அவள் இரண்டு கைகளும் காதுகளை அழுத்திப் பிடித்திருந்த அந்த நிலையை மேடையிலிருந்து பார்த்தபோது, பெட்டிக்காரர் குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டார்.

பாட்டில் முதலில் ஊர் இருந்தது. அங்காடிகளும் சண்டைகளும் கல்யாணங்களுமாகக் கிதார் பேசிற்று. பிறகு அணைக்கு அளவெடுப்பவர்கள் வந்தார்கள்; தாளம் இறுகியது. பிறகு தண்ணீர் வந்தது. படிப்படியாக எல்லா ஒலிகளும் அமிழ்ந்துபோனபின், அடியிலிருந்து அவள் குரல் எழுந்தது. ஏழு ஏழாக, சுற்றுக்குப்பின் சுற்றாக. முன்வரிசைத் தலைகள் அதற்கேற்ப அசைந்தன. ஒவ்வொரு சுற்றின் முதல் தட்டிலும் எல்லாத் தலைகளும் ஒருசேரக் குனிந்து நிமிர்ந்தன. நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்த பாதை. இடறும் இடத்தில் இடறக்கூட அவர்கள் பழகியிருந்தார்கள்.

கடைசிச் சுற்று வந்தது. அந்தச் சுரம். பெட்டிக்காரர் கட்டையை அழுத்தினார். புதுக் கருவி, பிடித்துக்கொண்டேயிருந்தால் குரல் ஒருபோதும் நிற்காது. அவர் பிடிக்கவில்லை. ஏழில் விரலை எடுத்தார்.

முன்வரிசைத் தலைகளெல்லாம் ஒருசேரக் குனிந்தன. இசை வரவில்லை.

கிதார்காரரின் கை தந்திகளுக்கு மேலே நின்றது. கடிகாரத்தின் குச்சிகள் அந்தரத்தில் நின்றன. விளக்குகளின் மெல்லிய ரீங்காரமும், எங்கோ ஒரு நாற்காலி முனகியதும் கேட்டன. பெட்டிக்காரர் கண்களை மூடிக்கொண்டார். தலையில் சொட்டு விழுவதற்காகக் காத்திருப்பவரைப் போல அவர் முகம் சற்றே மேல்நோக்கி உயர்ந்திருந்தது. ஒரு நொடிதான். அதற்குள் கடிகாரத்தின் குச்சி இறங்கிற்று, கிதார் வந்தது, பாட்டு தன் கரையை நோக்கி நடந்தது.

குனிந்த தலைகள் சங்கடத்தோடு நிமிர்ந்தன. ஒருவர் பக்கத்திலிருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். அவர் இரக்கத்தோடு உதட்டைப் பிதுக்கினார். பாவம், வயதாகிவிட்டது. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று வெகுநேரம் கைதட்டினார்கள். கணக்குத் தவறிய கிழவர்களுக்காக, கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். கடிகாரம் தலைவணங்கிவிட்டு யாரிடமும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அரங்கம் காலியான பின் மகள் மேடைக்கு வந்து கம்பிகளைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அப்பா, கடைசிச் சுற்றுல ஒரு தட்டு கூடிப்போச்சு. கவனிச்சீங்களா?"

"கவனிச்சேன்."

"தப்பு விட்டது கடிகாரம் மாமாவா, நீங்களா?"

"நான்தான்."

"பரவாயில்லை, விடுங்க. வேற ஒருத்தருக்கும் பெரிசாத் தெரிஞ்சிருக்காது." சுருட்டிய கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "முழுசும் பதிவாயிருக்கு. வீட்டுக்குப் போனதும் அந்த ஒரு நொடியை வெட்டிட்டு ஒட்டிடறேன். சுத்தமா ஏழாயிடும்."

"வெட்டாதே" என்றார் அவர்.

குரல் சற்று உரத்து வந்துவிட்டது போலும். பெட்டியில் கிதாரை வைத்துக்கொண்டிருந்த கிதார்காரர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு, பூட்டின் மேல் குனிந்துகொண்டார்.

மகள் திரும்பினாள். "அங்கே ஒண்ணுமே இல்லையேப்பா. வெறும் இடம்தானே."

"இருக்கட்டும் கண்ணு" என்றார். "அதை மட்டும் தொடாதே."

அவள் ஏன் என்று கேட்கப்போனாள். அவர் கீபோர்டின்மேல் துணியைப் போர்த்தி, அதன் ஓரங்களை ஒரு குழந்தைக்குச் செய்வதைப் போலச் சுற்றிலும் செருகிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் கேட்காமல் விட்டுவிட்டாள்.

"சரிப்பா" என்றாள்.